தாது வருஷத்துப் படங்கள் எங்கே எடுக்கப்பட்டவை?

எலும்பும் தோலுமாக ஒரு கூட்டம். சிலர் தரையில் குந்தியிருக்கிறார்கள், சிலர் நிற்கிறார்கள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். முழங்கால் மூட்டு தொடையைவிடப் பருத்துத் தெரிகிறது. எல்லா முகங்களும் ஒரே திசையில், கேமராவை நோக்கித் திரும்பியிருக்கின்றன. இந்தப் படம் இணையத்தில் 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் என்று சுற்றுகிறது. வேலூர்ப் பக்கத்தில் அச்சான ஒரு நினைவு மலரிலோ இதன் கீழே ‘வட ஆற்காட்டுப் பஞ்சம், 1877’ என்று போட்டிருந்தார்கள். இரண்டும் சரியாக இருக்க முடியாது. எது சரி என்று பார்க்கப் போனதில் விளைந்ததே இந்தக் கட்டுரை.

வங்கத்தைத் தள்ளிவிடுவது எளிது. இந்த வரிசையைச் சேர்ந்த படங்களின் பழைய பிரதிகள் லண்டனில் வெல்கம் சேகரிப்பிலும் அரச புவியியல் கழகத்திலும் உள்ளன. 1943-க்கு வெகு காலம் முன்பு, முட்டை வெண்கரு பூசிய தாளில் பதிந்த பிரதிகள் அவை. எடுத்தவர் பெயரும் தெரியும்: வில்லோபி வாலஸ் ஹூப்பர். 1837-இல் பிறந்தவர், மெட்ராஸ் குதிரைப்படை அதிகாரி. காலம் 1876 முதல் 1878 வரை. நம் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வது இதைத்தான். தாது என்பது அறுபது ஆண்டுச் சுழற்சியில் 1876 சித்திரையில் பிறந்த ஆண்டின் பெயர். ஆக, மலர்க்குழு ஆண்டைப் பிழையாகப் போடவில்லை. ஊர்தான் கேள்வி.

பிரதிகளோடு வரும் குறிப்புகளில் ‘மெட்ராஸ்’ என்றும், சிலவற்றில் ‘பெங்களூர்’ என்றும் இருக்கிறது. மெட்ராஸ் என்பது நகரமாகவும் இருக்கலாம், மாகாணமாகவும் இருக்கலாம். மாகாணம் என்று கொண்டால் கஞ்சாம் முதல் திருநெல்வேலி வரை எந்த ஊரும் அதற்குள் அடங்கும். வட ஆற்காடும் அடங்கும். மலர்க்குழு இந்த இடைவெளியில்தான் நம் மாவட்டத்தை நுழைத்திருக்கிறது. எனவே அடுத்த கேள்வி: இந்தப் பக்கத்து மக்கள் அந்தப் படங்களில் இருக்க வழியுண்டா?

இங்கே ஆவணம் தேடுகிறவர் முதலில் ஒரு பழைய எல்லையைக் கவனிக்க வேண்டும். இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019-இல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. பஞ்சத்தின்போது ஆம்பூர் வட ஆற்காட்டில் இருந்தது. அந்த மாவட்டத்துக் கலெக்டர் இருந்ததோ சித்தூரில். வாணியம்பாடி அன்று சேலம் ஜில்லாவின் திருப்பத்தூர் தாலுகாவைச் சேர்ந்தது. அந்தத் தாலுகா வட ஆற்காட்டுக்கு வந்தது 1911-இல். வேலூர் மாவட்டத் தலைநகரானதும் அப்போதுதான். ஒரே பாலாற்றங்கரையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்களின் பஞ்சக் கதையை இரண்டு வெவ்வேறு கட்டுகளில் தேடவேண்டும். ஆம்பூருக்கு காக்ஸ் 1881-இல் வெளியிட்ட வட ஆற்காடு மானுவல். வாணியம்பாடிக்கு லெ ஃபானு 1883-இல் வெளியிட்ட சேலம் மானுவல். மானுவல் என்பது ஒரு ஜில்லாவின் நிலம், மழை, வரி, சாதி, வணிகம் எல்லாவற்றையும் தொகுத்து அரசு அச்சிட்ட கையேடு. இந்த எல்லையை மறந்துவிட்டு வட ஆற்காட்டுக் கட்டை மட்டும் பிரித்துப் பார்ப்பவர், வாணியம்பாடியில் பஞ்சமே வரவில்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும்.

மக்கள்தொகைக் கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. 1871-இல் வட ஆற்காட்டில் சுமார் 20 லட்சம் பேர். பத்து ஆண்டு கழித்து, வளர்ந்திருக்க வேண்டிய தொகை 18 லட்சமாகச் சுருங்கியிருக்கிறது. சேலத்தில் இன்னும் மோசம்: சுமார் 19.7 லட்சத்திலிருந்து 16 லட்சம். காணாமற்போனவர்கள் எல்லாரும் இறந்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஊரைவிட்டுப் போனவர்களும் பிறக்காமற்போன குழந்தைகளும் இந்தக் கழித்தலுக்குள் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பஞ்சம் இந்த ஆற்றங்கரையை விட்டுவைக்கவில்லை.

ஊரைவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு ரயில் பாதை ஒரு குறிப்புத் தருகிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ஓடத் தொடங்கிய ரயில், 1860-களின் தொடக்கத்தில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையைத் தாண்டிவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கான கிளைப்பாதை 1864-இல் வந்தது. அதாவது ஹூப்பரின் படங்களில் குறிக்கப்பட்ட இரண்டு நகரங்களும் இந்தப் பாதையின் இரண்டு முனைகள். ஆம்பூரும் வாணியம்பாடியும் நடுவில். பசியில் கிளம்பியவர்கள் ரயிலில் போகாவிட்டாலும் தண்டவாளத்தை ஒட்டிய சாலையில் நடந்திருப்பார்கள். நகரங்களில்தான் கஞ்சித்தொட்டிகள் இருந்தன. படத்தில் இருப்பவர்களில் ஒருவராவது இந்தப் பக்கத்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு மேல் இந்தச் சான்று போகாது. சேலத்தின் தெற்கிலிருந்தும் மைசூரிலிருந்தும் பல்லாரி, கடப்பைப் பக்கமிருந்தும் மக்கள் அதே நகரங்களுக்குத்தான் போனார்கள். படத்தில் இருப்பவர் தமிழ் பேசினாரா, தெலுங்கா, கன்னடமா என்று சொல்லும் எந்த அடையாளமும் அவர் உடம்பில் மிஞ்சவில்லை. பசி முதலில் தின்றது அந்த அடையாளங்களைத்தான். எனவே மலரின் அடுத்த பதிப்புக்கு நான் பரிந்துரைப்பது இது: ‘மெட்ராஸ் மாகாணம் அல்லது பெங்களூர், 1876–78. எடுத்தவர் ஹூப்பர். படத்தில் இருப்பவர்களின் பெயரும் ஊரும் பதியப்படவில்லை.’ கடைசி வாக்கியத்தை நீக்கிவிடலாமே என்று யாராவது கேட்கக்கூடும். அது நீங்கினால், முந்தைய வாக்கியங்கள் சரியாக இருந்தும் வாசகர் ஏமாறுவார்.

அடுத்து, இந்தப் படங்கள் உண்மையா, ஏற்பாடா என்ற பழைய வழக்கு. ஹூப்பர் ஆட்களைக் கூட்டிவந்து, நிறுத்திவைத்துப் படமெடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. எடுத்து முடித்ததும் எந்த உதவியும் செய்யாமல் அனுப்பிவிட்டார் என்பது அதன் இரண்டாம் பாதி. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

நிறுத்திவைத்தார் என்பதில் ஐயமில்லை. வேறு வழியும் இல்லை. அன்றைய முறைக்கு ஈரக் கொலோடியன் என்று பெயர். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலை வழிய விட்டு, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்தில் உருத்துலக்கி முடிக்கவேண்டும். எல்லாம் சுமார் பத்து நிமிட வேலை. நம் வெயிலில் அதற்கும் குறைவு. தகடு வெளிச்சத்தை வாங்கும் சில விநாடிகளில் அசைந்த எதுவும் கலங்கிவிடும். இப்போது படத்தை மறுபடி பார்க்கலாம். பெரியவர்களின் முகங்கள் தெளிவாக இருக்கின்றன. உட்காரவும் தெம்பில்லாத உடம்புகள் அந்த விநாடிகளுக்கு அசையாமல் இருந்திருக்கின்றன. அசையாதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், இவர்கள் கேட்டிருக்கிறார்கள். உயரமானவர் பின்னால், சிறியவர் முன்னால் என்ற ஒழுங்கும் தானாக வந்ததல்ல.

இதை வைத்துப் படம் பொய் என்று சொல்லிவிட முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்க இந்தியாவிலேயே ஒரு படம் இருக்கிறது. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் நடந்த படுகொலைக்குப் பல மாதங்கள் கழித்து ஃபெலீசே பியட்டோ என்ற ஒளிப்படக்காரர் அங்கே போனார். முற்றத்தில் எலும்புகள் சிதறிக் கிடக்கும் அவருடைய புகழ்பெற்ற படம், படத்துக்காகவே எலும்புகளைப் பரப்பி எடுத்தது என்பது இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. அங்கே முடிந்துபோன நிகழ்ச்சி மறுபடி நடந்ததுபோலக் காட்டப்பட்டது. ஹூப்பரின் பஞ்சப் படத்தில் நிற்கும் இடம் ஏற்பாடு, நிற்கும் முறை ஏற்பாடு. நிற்பவரின் பசி ஏற்பாடு அல்ல. அதை எந்தக் கேமராக்காரரும் உண்டாக்க முடியாது. பின்னாள் எழுத்தில் இவ்விரண்டையும் ஒரே குற்றமாகக் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்ப்பதே நியாயம் என்று நினைக்கிறேன்.

ஹூப்பருக்கே இந்த இரண்டு வகையும் பழக்கம்தான். ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் கேயும் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ என்ற அரசுத் தொகுப்புக்காக மத்திய மாகாணங்களில் படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர். அங்கே ஒவ்வொரு மனிதரும் ஒரு சாதியின், ஒரு குலத்தின் மாதிரியாக நிற்கிறார். படத்தின் கீழே இருப்பது பெரும்பாலும் குலத்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல. பிறகு ஜார்ஜ் வெஸ்டர்ன் என்ற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து ஒரு புலிவேட்டை வரிசை எடுத்தார். வேட்டைக்குக் கிளம்புவதிலிருந்து முடிவு வரை கதையாகப் போகும் படங்கள் அவை. பாயும் புலி ஈரத் தகட்டின் வேகத்துக்குள் அகப்பட வழியில்லை. அந்தக் காட்சிகள் புனைந்தவை. அன்று வாங்கியவர்களுக்கும் அது தெரிந்திருக்கும். மனிதரை மாதிரியாக நிறுத்தும் பழக்கம், படவரிசையால் கதை சொல்லும் பழக்கம், இந்த இரண்டோடும்தான் அவர் தாது வருஷத்துக்கு வந்தார்.

இதைப் பஞ்சப் படங்களுக்கு அவர் வைத்த தலைப்புகளில் பார்க்கலாம். ஒன்று ‘நிவாரண முகாமில் இருப்பவர்கள்’. இன்னொன்று ‘தர்ம உதவிக்குத் தகுதியானவர்கள்’. தர்ம உதவி என்று நான் எழுதுவது அன்றைய பஞ்ச நிர்வாகத்தின் ஒரு வகைப்பாடு. உடலில் வலு உள்ளவர் ஏரி வெட்டவோ சாலை போடவோ போய்க் கூலி வாங்கவேண்டும். வேலை செய்யவே முடியாதவருக்கு மட்டும் இலவசக் கஞ்சி. யார் எந்தப் பக்கம் என்பதைப் பார்வையாலேயே ஓர் அதிகாரி தீர்மானித்தார். 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், வேலைக்கு வரும் ஆணின் தினக்கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். அந்த அளவில் உழைப்பவன் உயிர்வாழ முடியாது என்று மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். மே மாதத்தில் அந்தக் குறைப்பு கைவிடப்பட்டது. இந்த வாதம் நடந்த பஞ்சத்தில் எடுத்த படங்கள் இவை. ‘தகுதியானவர்கள்’ என்ற தலைப்பு வெறும் அலங்காரமல்ல. பார்ப்பவர் கையில் அந்த அதிகாரியின் வேலையைக் கொடுக்கிறது: பார், இவருக்கு இலவசக் கஞ்சி கொடுக்கலாமா, சொல்.

இந்தப் படங்கள்தான் லண்டனின் மனத்தை உருக்கிப் பணத்தைக் கொண்டுவந்தன என்று அடிக்கடி படிக்கிறோம். தேதிகளை வரிசைப்படுத்தினால் இது இவ்வளவு நேராக வராது. மெட்ராஸ் பொதுக்கூட்டத்தின் வேண்டுகோள் 1877 ஆகஸ்டில் போனது. லண்டன் மேயரின் மான்ஷன் ஹவுஸ் நிதி அந்த மாதமே திறந்தது; முடிவில் 5 லட்சம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. பெங்களூரில் நிவாரணத்துக்குக் காத்திருக்கும் மக்களைக் காட்டும் செதுக்குப் படம் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸில் வெளியானது அக்டோபர் 20-ஆம் தேதி. பணத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே தந்திகளையும் கடிதங்களையும் நம்பி வந்துவிட்டது. படங்கள் நிதியை வளர்த்திருக்கலாம், தொடங்கி வைக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. அன்று பத்திரிகையில் ஒளிப்படத்தை அப்படியே அச்சிட முடியாது. மரக்கட்டையில் செதுக்குபவர் அதைப் பார்த்து மறுபடி வரையவேண்டும். லண்டன் வாசகர் பார்த்தது கேமராவின் சாட்சியத்தை அல்ல. அதைச் செதுக்குபவர் எப்படிப் புரிந்துகொண்டாரோ அதை.

அதே 1877-இல் லண்டனில் ஒரு நடுவர் விசாரணை நடந்தது. அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, ‘முன்’, ‘பின்’ என்று இரட்டைப் படங்கள் விற்று நன்கொடை திரட்டிவந்தார். கிழிந்த உடையில் தெருவிலிருந்து வந்த பையன். அதே பையன் சுத்தமான உடையில் பட்டறையில். கிழிசல் படத்துக்காகவே கூட்டப்பட்டது என்று புகார் எழுந்தது. நடுவர்கள் இல்லத்தின் நற்பணியை ஏற்றார்கள், படங்களைக் கலைப்புனைவு என்று கண்டித்தார்கள். ஏழையின் படத்தை ஏற்பாடு செய்து எடுப்பது தவறா என்ற கேள்வி, மெட்ராஸ் படங்கள் கப்பலேறிய காலத்திலேயே லண்டன் பத்திரிகைகளில் விவாதமாக இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் யோசிக்க மாட்டார்கள் என்று நாம் ஹூப்பருக்குச் சாக்குச் சொல்ல முடியாது. அன்றும் யோசித்தார்கள். தங்கள் தெருவின் குழந்தைகளைப் பற்றி யோசித்தார்கள்.

குற்றச்சாட்டின் இரண்டாம் பாதி: உதவாமல் அனுப்பினார் என்பது. படத்துக்குள் இதற்குச் சான்று தேடுவது வீண். தகடு வெளிச்சம் வாங்கிய சில விநாடிகளைத்தான் படம் அறியும். அடுத்த அரைமணியில் கஞ்சி கிடைத்ததா என்பது அதற்குத் தெரியாது. இந்தக் குற்றச்சாட்டு இவ்வளவு எளிதாக நம்பப்படுவதற்கு வேறு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது 1886 ஜனவரி, மண்டலை.

மூன்றாம் பர்மியப் போருக்குப் பிறகு அங்கே படையின் புரோவோ மார்ஷலாக இருந்தார் ஹூப்பர். படைக்குள் தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு அந்தப் பதவிக்கு உரியது. கொள்ளையர் என்று பிடிபட்ட பர்மியர்களைச் சுட்டுக்கொல்லும்போது அவர் கேமராவை வைத்துக்கொண்டு, குண்டு பாயும் கணம் தகட்டில் விழும்படி பார்த்துக்கொண்டார் என்று மோய்லன் என்ற நிருபர் லண்டன் டைம்ஸுக்கு எழுதினார். பார்லிமென்டில் கேள்வி எழுந்தது, விசாரணை நடந்தது, அவர் கண்டிக்கப்பட்டார். இதற்குள் தொழில்நுட்பம் மாறியிருந்தது. காய்ந்த ஜெலட்டின் தகடு வந்துவிட்டது; கூடாரம் வேண்டாம், சில விநாடிகள் காத்திருக்க வேண்டாம். பஞ்சத்தில் அவரால் செய்ய முடியாத ஒன்றை மண்டலையில் செய்ய முடிந்தது: கணத்தைப் பிடிப்பது. அந்தக் கணம் எப்போது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது.

மண்டலையை அறிந்தவர் தாது வருஷப் படங்களைப் பார்க்கும்போது, அதே கல்நெஞ்சை அங்கேயும் காண்கிறார். ஒன்பது ஆண்டு பின்னால் நடந்ததை முன்னுக்கு இழுத்துச் சான்றாக்குவது ஆய்வுமுறைக்கு ஒவ்வாது. ஆனால் இரண்டிலும் பொதுவாக ஒன்று இருப்பதை மறுக்க முடியாது. இரண்டு இடத்திலும் படத்துக்குள் நிற்பவர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. ஒருவருக்கு எதிரே கஞ்சி, ஒருவருக்கு எதிரே துப்பாக்கி.

இனி தோல் பதனிடும் எங்கள் பகுதிக்கு நேரடியாக வரும் தடயம். ஹூப்பரின் பஞ்ச வரிசையில் ஒரு படத்தின் தலைப்பு ‘மந்தையில் கடைசி’. மாடுகளும் செத்தன என்பதை அந்தத் தலைப்பு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. செத்த மாடு எங்கே போயிற்று என்று கேட்டால் கணக்குப் புத்தகம் வேறு திசையில் திறக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மெட்ராஸ் மாகாணம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை லண்டன் ஏலங்களுக்கு அனுப்பிவந்தது. அந்த வணிகத்தில் அதற்குப் பெயர் ‘கிப்’. நம் நாட்டுச் சிறிய உடல்வாகு கொண்ட மாட்டின் தோலைப் பாதி பதத்தில் பதனிட்டது. மீதி வேலை சீமையில். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சவ்வைச் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்கில் போட்டு, கடுக்காய்த் தண்ணீரில் நிறமேற்றி, எண்ணெய் தடவி உலர்த்துவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் இதில் ஊன்றிக்கொண்டார்கள். குழியில் இறங்கிய கைகள் பெரும்பாலும் தலித்துகளுடையவை. பாலாற்று நீர், காட்டில் ஆவாரை, பக்கத்தில் ரயில் நிலையம் மூன்றும் இங்கே ஒன்றாகக் கிடைத்தன.

பஞ்ச ஆண்டுகளில் மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து தோல் ஏற்றுமதி எகிறியது. புல் இல்லாமல் செத்த மாடுகளின் தோல் அது. அடுத்த ஆண்டுகளில் உழ மாடில்லாமல் நிலம் கிடந்தபோது ஏற்றுமதியும் இறங்கியது. கடல்வணிக அறிக்கைகளின் பத்திகளில் இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையோடும் எடையோடும் விலையோடும் இருக்கிறது. அந்தப் பத்திகளின் மேல் விரலை ஓட்டும்போது ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. செத்த மாடு ஒவ்வொன்றும் ஓர் எண்ணாகவாவது கணக்கில் ஏறியிருக்கிறது. படத்தில் நம்மைப் பார்க்கும் மனிதருக்கு ஓர் எண்ணும் இல்லை.

இந்தத் தடயத்தையும் அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. துறைமுகக் கணக்கு எந்த ஊர் மாடு என்று சொல்வதில்லை. பல்லாரியிலிருந்தும் மைசூரிலிருந்தும் தோல் ரயிலில் வந்தது. ‘மந்தையில் கடைசி’ மாட்டின் தோல் ஆம்பூர்க் குழிக்கு வந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அதற்குச் சான்று இல்லை. பஞ்சத்தால் இங்கே வணிகர் கொழுத்தார் என்று எழுதுவதற்கும் இந்தப் பத்திகள் போதாது; மலிவாகக் குவிந்த தோலுக்கு லண்டனில் என்ன விலை கிடைத்தது என்பது தனி ஆய்வு.

கேமரா இல்லாத ஒரு சாட்சியமும் இங்கே உண்டு. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவியவர். தாது வருஷப் பஞ்சத்தில் அவர் சிறுமி. பட்டினிக் குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை வைத்த நினைவை அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பல பத்தாண்டுகள் கழித்து, மிஷன் ஆதரவாளர்களுக்காகத் திரும்பத் திரும்பச் சொன்ன நினைவு என்பதால் இதிலும் ஏற்பாடு இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சொல்பவர் யார், எந்த ஊர், அவருக்கு அப்போது என்ன வயது, யாருக்குச் சொன்னார் என்பது நமக்குத் தெரியும். எனவே எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட முடிகிறது. எதிரே இருந்த குழந்தைகளின் பெயர் இங்கேயும் இல்லை.

இந்தத் தேடலை நூலகத்தோடு நிறுத்த முடியாததற்குக் காரணம், அதே பாலாற்றங்கரையில் இன்றும் கேமராக்கள் வேலை செய்வதுதான். டேனரிப் படம் என்றால் எது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சுண்ணாம்புத் தண்ணீரில் வெறுங்கால், சுழலும் மர டிரம், குரோம் ஏறி வானநீலமாக அடுக்கிய ‘வெட் புளூ’ தோல், ஆற்றில் நுரை. கான்பூர், டாக்காவின் ஹஜாரிபாக், ராணிப்பேட்டை மூன்று ஊரின் இப்படிப்பட்ட படங்களைக் கலைத்துப்போட்டால், விவரம் தெரிந்தவரும் ஊரைச் சொல்லத் தடுமாறுவார். ஆம்பூரில் காலையில் கம்பெனிப் பேருந்துகளில் ஷூ தொழிற்சாலைக்குப் போகும் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் படங்களில் அநேகமாக வருவதே இல்லை. குழியில் நிற்பவர் உண்மைதான். அவர் மட்டுமே தோல் தொழில் என்று காட்டுவது அவரையும் குறைக்கிறது, தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணையும் மறைக்கிறது.

2006-இல் பிளாக்ஸ்மித் என்ற சுற்றுச்சூழல் நிறுவனம் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தபோது உலகப் பத்திரிகைகள் படம் தேடின. அங்கே உண்மையில் பயங்கரமானது, மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியல். படத்தில் அது வெறும் மண்மேடு. நிலத்தடியில் இறங்கும் ஆறு-இணைதிறன் குரோமியத்தை எந்த லென்ஸும் காட்டாது. கிணற்று நீரைச் சோதித்த அறிக்கைதான் காட்டும். உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்தபோது எதைச் சான்றாக எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு. கிராமம் கிராமமாகக் கிணறுகளை எண்ணிய கணக்கு. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. இடமும் எண்ணும் உள்ள சான்றுக்கு நீதிமன்றத்தில் நிற்கும் வலு உண்டு.

2015 ஜனவரி 31-ஆம் தேதி ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். அப்படியோர் இரவில் கேமராவுக்குக் கிடைப்பது இடிந்த சுவரும் சகதியும்தான். வேலையிடத்திலேயே, தொட்டிக்குப் பக்கத்திலேயே அவர்கள் ஏன் உறங்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லும் படம், விபத்துக்கு முன்பு, யாரும் செய்தி என்று நினைக்காத ஒரு சாதாரண இரவில் எடுத்திருக்க வேண்டியது.

ஹூப்பரின் குறை பெயரைக் குறிக்காதது என்றால், இன்று எடுப்பவர் பெயரைப் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? இங்கேதான் சிக்கல். கையுறை இல்லாமல் குரோம் தோலைத் தூக்குபவரின் முகமும் பெயரும் வெளியானால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. குடும்பம் முன்பணம் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவரிடம் சம்மதம் கேட்டாலும், மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது கொடுத்த சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு? தாது வருஷத்தில் அசையாதே என்று சொன்னபோது நின்றவர்களின் சம்மதம் போன்றதாகவே அதுவும் இருக்கலாம்.

என் கருத்து, படத்துக்கு இரண்டு குறிப்புகள் வேண்டும் என்பது. ஒன்று அச்சுக்கு: ஊர், தேதி, என்ன வேலை, எடுத்தவர் யார், எதையாவது நகர்த்தினாரா, ஆளை நிற்கச் சொன்னாரா, பெயர் ஏன் மறைக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்று காப்பகத்துக்கு: ஆளின் பெயர், சொந்த ஊர், சம்மதம் எந்தச் சூழலில் பெறப்பட்டது, படம் எடுத்த பிறகு அவருக்கு என்ன ஆனது. இது அவர் வாழ்நாள் முடியும்வரை மூடியிருக்கட்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வீடு வீடாக வந்து எழுதிப்போகும் மக்கள்தொகைப் படிவத்தில் உள்ள பெயரையும் விவரத்தையும் 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் இன்றும் இரகசியமாகக் காக்கிறது. நீதிமன்றத்தில்கூட அதைச் சான்றாகக் கேட்க முடியாது. எண்ணிக்கை மட்டும் வெளியே வருகிறது, பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆம்பூரில் படமெடுப்பவரின் நோட்டுப் புத்தகத்துக்கும் அதே மரியாதையைத் தர ஒரு நூலகமோ கல்லூரியோ முன்வந்தால் போதும்.